மதுரையில் மரத்தையும் தோட்டத்தையும் பார்த்துக்கொள்ளும் தொழில்: புதிதாக இறங்குவோருக்கு

சித்திரை, வைகாசியில் ஒரு சாயங்காலம் காற்றோடு கோடை மழை அடித்தால் போதும், கே.கே. நகரிலிருந்து திருநகர் வரைக்கும் எங்காவது ஒரு தூங்குமூஞ்சி மரம் முறிந்து காரின்மேல் கிடக்கும். மறுநாள் விடிந்ததும் மரம் வெட்டுகிறவர்களின் போன் ஓயாது. அன்றைக்குக் கிடைக்கிற கூலியைப் பார்த்துவிட்டுத்தான் பலரும் இந்தத் தொழிலுக்கு வருகிறார்கள். ஆனால் அந்த வேலை வருடத்தில் சில வாரங்களுக்கு மட்டும்தான். மற்ற மாதங்களிலும் கையில் வேலை இருக்க வேண்டுமென்றால், நிற்கிற மரத்தை நிற்க வைக்கத் தெரிய வேண்டும். ஒரு மரத்தை வெட்டினால் ஒருமுறை கூலி. அதையே நன்றாகக் கிளை கழித்துவிட்டு, சுற்றியுள்ள தோட்டத்தையும் பார்த்துக்கொண்டால் அந்த வீட்டுக்காரர் பல வருடத்துக்கு உங்களை விடமாட்டார். இந்தக் கட்டுரையில் சொல்வது எல்லாம் அந்த வழியில் தொழில் நடத்த நினைப்பவர்களுக்காக.

முதலில் மரத்தைப் பார்க்கப் பழகுங்கள்

கூப்பிட்ட வீட்டுக்குப் போனதும் கிளையைப் பார்க்காதீர்கள், தூரைப் பாருங்கள். மண்ணை ஒட்டிய இடத்தில் தட்டுத் தட்டாகக் காளான் பிடித்திருந்தால் உள்ளே மட்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். மரச் சுத்தியலால் அடிமரத்தைச் சுற்றிலும் தட்டிப் பாருங்கள். பொந்து இருக்கிற பக்கம் சத்தம் மாறும். பட்டைமேல் மரத்தூள் கொட்டியிருந்தால் துளைப்பான் புழு. இரண்டு பெரிய கிளைகள் இடுக்கி மாதிரி ஒட்டிப் பிரிந்து, நடுவில் பட்டை உள்வாங்கியிருந்தால் காற்றில் பிளக்கப்போவது அந்த இடம்தான்.

அப்புறம், மரம் சாய்ந்திருக்கிறதே என்று பயந்து கூப்பிடுவார்கள். வெளிச்சத்தைத் தேடிச் சின்ன வயதிலேயே சாய்ந்து வளர்ந்த மரம் அப்படியே ஐம்பது வருடம் நிற்கும். போன மாதம் நேராக இருந்து இந்த மாதம் சாய்ந்ததா, சாய்ந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் மண் விரிசல் விட்டு மேலெழும்பியிருக்கிறதா என்று கேளுங்கள், பாருங்கள். இரண்டுக்கும் ஆமென்று பதில் வந்தால் அவசரம். நகரத்துக்குள் இன்னொன்றையும் கேட்க வேண்டும்: பாதாளச் சாக்கடைக்கோ குடிநீர்க் குழாய்க்கோ தெருவில் சமீபத்தில் பள்ளம் தோண்டினார்களா? ஒரு பக்க வேர் முழுவதையும் பொக்லைன் வெட்டிவிட்டுப் போயிருக்கும். மேலே இலையெல்லாம் பச்சையாகத்தான் இருக்கும். அடுத்த பெருங்காற்றில் மரம் வீட்டுப் பக்கமாகப் படுத்துவிடும்.

வேம்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மார்கழி, தை மாதங்களில் வேப்பமரத்தின் கொழுந்தெல்லாம் தீய்ந்து பழுப்பாகிப்போவதைச் சில வருடமாகப் பல ஊர்களில் பார்க்கிறோம். தேயிலைக் கொசு என்கிற பூச்சியும், நுனிக்கிளையைக் கருகவைக்கிற ஒரு பூஞ்சையும்தான் காரணம். மரம் பட்டுப்போச்சு, வெட்டிடுங்க என்று கூப்பிடுவார்கள். பெரும்பாலான மரங்கள் பங்குனிக்குள் மறுபடி துளிர்த்துவிடும். காய்ந்த நுனியை மட்டும் கழித்துவிட்டு, பொறுத்திருந்து பார்ப்போம் என்று சொல்லிவிட்டு வாருங்கள். இரண்டு மாதத்தில் மரம் தழைத்து நிற்கும்போது உங்கள் பேச்சுக்கு அந்தத் தெருவிலேயே மதிப்பு வந்துவிடும்.

கிளை கழிப்பது

"அண்ணே, மொத்தமா மொட்டையடிச்சு விட்ருங்க, ஒரே குப்பையா விழுகுது" என்பதுதான் அதிகம் கேட்கப்போகிற வார்த்தை. சம்மதிக்காதீர்கள். மொட்டையடித்த மரம் பசியில் கண்ட இடத்தில் போத்து விடும். அந்தப் போத்துகள் கட்டையின் மேல்தோலில் மட்டும் ஒட்டிக்கொண்டு வளர்வதால் பிடிப்பு இருக்காது. வெட்டின மொட்டையோ மழைத்தண்ணி இறங்கி உள்ளே மட்கும். இரண்டு மூன்று வருடத்தில் முன்பைவிட அடர்த்தியாகி, முன்பைவிட எளிதாக முறியும். இதை வீட்டுக்காரரிடம் மரத்தடியில் நின்று, பழைய வெட்டுக் காயத்தைக் காட்டி விளக்கினால் புரிந்துகொள்வார்.

ஒரு தடவையில் மொத்தப் பச்சையில் கால்வாசிக்குமேல் எடுக்க வேண்டாம். காய்ந்தது, நோய்பட்டது, ஒன்றோடொன்று உரசுவது, கூரையையும் கம்பியையும் தொடுவது, இந்த வரிசையில் எடுத்தாலே பெரும்பாலும் வேலை முடிந்துவிடும்.

கனமான கிளையை மூன்று வெட்டில் இறக்க வேண்டும். அடிமரத்திலிருந்து ஒன்றரை அடி தள்ளி, முதலில் கிளையின் அடிப்பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு ரம்பம் போடுங்கள். அதற்குச் சற்று வெளியே மேலிருந்து இரண்டாவது வெட்டு. கிளை முறிந்து விழும்போது பட்டையை உரித்துக்கொண்டு போகாமல் முதல் வெட்டு தடுக்கும். மிச்சமிருக்கிற குச்சியை மூன்றாவது வெட்டில் எடுக்க வேண்டும். கிளை அடிமரத்தோடு சேரும் இடத்தில் கழுத்துப்பட்டி மாதிரி ஒரு மேடு இருக்கும். அந்த மேட்டை விட்டுவிட்டு அதன் வெளி ஓரத்தில் அறுத்தால் மரம் தானாகவே வட்டமாகக் காயத்தை மூடிக்கொள்ளும். மேட்டையும் சேர்த்து மழமழவென்று சீவினாலும் ஆறாது, ஒரு அடி கட்டையாக விட்டாலும் ஆறாது.

காயத்தில் தாரும் பெயின்ட்டும் பூசுவதால் மரத்துக்கு ஒரு நன்மையும் இல்லை. பொந்துக்குள் சிமெண்ட் அடைப்பதும் அப்படியே. ஈரத்தை உள்ளே பூட்டிவைக்கும். மா, கொய்யா மாதிரி பழ மரங்களில் பெரிய வெட்டுக்கு போர்டோ பசை பூசலாம்: மயில்துத்தம் 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 10 லிட்டர். இரும்புப் பாத்திரத்தில் கரைக்கக் கூடாது.

எந்த மாதத்தில் கழிக்கிறோம் என்பதும் முக்கியம். மாமரத்தைக் காய்ப்பு முடிந்த பிறகு, ஆவணிக்குப் பக்கத்தில் கழிக்க வேண்டும். தையில் பூ எடுக்கும் நேரத்தில் கை வைத்தால் அந்த வருடக் காய் போய்விடும். வேம்பைப் பங்குனியில் தொடாதீர்கள். வருடப்பிறப்புக்கு வேப்பம்பூ எதிர்பார்த்துக்கொண்டிருக்கும் வீடுகள் நிறைய. சாலையோரத்து வாகை வகைகளைக் கோடைக் காற்றுக்கு முன்பே, மாசிக்குள் எடை குறைத்துவிடுவது நல்லது.

ஏறுகிற ஆளும் கீழே நிற்கிற ஆளும்

தென்னை ஏறுகிறவர் வேறு, கிளைமரம் ஏறுகிறவர் வேறு. வாடிப்பட்டி, சோழவந்தான் பக்கம் தென்னையில் தேர்ந்த ஆட்கள் கிடைப்பார்கள். அவர்களைப் புளியமரத்தில் ஏற்றிவிடாதீர்கள். கிளையின் தன்மை அறிந்து கால் வைப்பது தனிப் பழக்கம். முருங்கை, நாவல், குல்மொஹர், பெருங்கொன்றை எல்லாம் சொல்லாமல் கொள்ளாமல் முறியும். புளியும் வேம்பும் தாங்கும். மரம் எதுவானாலும் இடுப்புக் கயிற்றை மட்டும் நம்பி ஏறும் வழக்கத்தை உங்கள் குழுவில் அனுமதிக்காதீர்கள். தொடையையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் முழு பெல்ட், தலைக்கவசம், இரண்டு கயிறு. ஒன்றை மாற்றிக் கட்டும்போது மற்றொன்று பிடித்திருக்க வேண்டும்.

மேலே கைரம்பமும் அரிவாளும் போதும். திருப்பாச்சேத்தி அரிவாளின் பேர் ஊரறிந்தது. நல்லதாக இரண்டு வாங்கிப் பதம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். செயின்சாவை ஏணியில் நின்றுகொண்டோ தோளுக்கு மேலே தூக்கியோ இயக்கக் கூடாது. சங்கிலி ஓடும் சட்டத்தின் நுனி கட்டையில் பட்டால் மிஷின் முகத்தை நோக்கித் திரும்பி அடிக்கும். பெட்ரோலில் ஆயில் கலக்கும் அளவு மிஷினோடு வரும் புத்தகத்தில் இருக்கும். 50-க்கு 1 என்று போட்டிருந்தால் லிட்டருக்கு 20 மில்லி. குத்துமதிப்பாக ஊற்றுகிறவர் கையில் மிஷின் ஒரு சீசன் தாங்காது.

கீழே நிற்கிறவர்தான் வேலையை நடத்துகிறவர். கயிற்றைக் கட்டிக் கிளையை மெதுவாக இறக்குவது, தெருவில் போகிற பள்ளிக்கூடப் பிள்ளைகளை நிறுத்துவது, மேலிருப்பவரின் குரலுக்கு மறுகுரல் கொடுப்பது எல்லாம் அவர் பொறுப்பு. அவருக்கும் தலைக்கவசம் உண்டு. காலை ஆறு மணிக்குத் தொடங்கிப் பதினோரு மணிக்குள் மேல்வேலையை முடியுங்கள். சித்திரை வெயிலில் உச்சியில் மயங்கி விழுந்தவரை பெல்ட் மட்டும்தான் காப்பாற்றும். குடித்துவிட்டு வந்தவரை அன்றைய கூலி போனாலும் பரவாயில்லை என்று திருப்பி அனுப்புங்கள். ஏறுவதற்கு முன் பொந்திலும் மறைவான கிளையிலும் கதண்டுக் கூடோ தேன்கூடோ இருக்கிறதா என்று கண்ணால் துழாவுங்கள். கதண்டு என்றால் தீயணைப்புத் துறையைக் கூப்பிடுவதே சரி.

மின்கம்பி விஷயத்தில் ஒரே விதிதான். கிளை கம்பியைத் தொட்டாலோ, வெட்டினால் கம்பியில் விழும் என்று தோன்றினாலோ, மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக்கொடுத்து, அவர்கள் ஆள் வந்து லைனை நிறுத்திய பிறகே ஏற வேண்டும். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணிலும் சொல்லலாம். பச்சைக் கிளையில் மின்சாரம் பாயும். ஈரத்தோடு இருந்தால் கேட்கவே வேண்டாம். மாதாந்திரப் பராமரிப்புக்காக அந்தப் பகுதியில் மின்தடை அறிவிப்பு வரும் நாளைத் தெரிந்துகொண்டு வேலையை அன்றைக்கு வைத்தால் எல்லாருக்கும் வசதி. ஆனால் தடை அறிவித்திருக்கிறார்கள் என்பதற்காக மட்டும் ஏறிவிடாதீர்கள். உங்கள் கம்பி நின்றிருக்கிறதா என்று லைன்மேன் சொல்ல வேண்டும்.

யாருடைய மரம்?

வீட்டுச் சுவருக்கு வெளியே நிற்கிற மரம் வீட்டுக்காரர் நட்டதாகவே இருந்தாலும் அவருடையது ஆகாது. தெருவில் என்றால் மாநகராட்சி, பெரிய சாலை என்றால் நெடுஞ்சாலைத் துறை, கண்மாய்க் கரை என்றால் நீர்வளத் துறை அல்லது ஊராட்சி. அரசு நிலத்தில் நிற்கும் மரத்தை வெட்ட ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும். "நான் பார்த்துக்கிறேன், நீங்க வெட்டுங்க" என்று வீட்டுக்காரர் சொல்வதை நம்பி அரிவாளை எடுத்தால், வழக்கில் மாட்டப்போவது அரிவாள் வைத்திருப்பவர்தான்.

பட்டா நிலத்திலும் எல்லா மரமும் ஒன்றில்லை. சந்தனத்துக்கு வனத்துறை அனுமதி கட்டாயம். ஈட்டி என்றாலும் வெட்டுவதற்கு முன் வனத்துறையில் கேட்டுவிடுங்கள். தேக்கை லாரியில் ஏற்றுவதற்கு முன் வனத்துறை அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள். பனை நம் மாநில மரம். அதை வெட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். அழகர்மலை அடிவாரத்திலோ நாகமலையை ஒட்டியோ வேலை வந்தால், நிலத்தின் எல்லையைக் கிராம நிர்வாக அலுவலரிடம் உறுதி செய்துகொள்ளாமல் முன்பணம் வாங்காதீர்கள்.

மஞ்சள் துணி கட்டி, குங்குமம் வைத்த வேம்பு வேறு கதை. சட்டப்படி அது வீட்டுக்காரர் மரமாக இருக்கலாம், ஆனால் தெருவே அங்கே கும்பிடும். பக்கத்து வீடுகளில் பேசி, சம்மதம் வாங்கி, சூடம் கொளுத்திக் கும்பிட்டபிறகு தொடுங்கள். உங்கள் ஆட்களும் அதைச் செய்தால்தான் மனசு ஒட்டி வேலை பார்ப்பார்கள்.

விலை பேசுவது

போனில் விலை சொல்லாதீர்கள். போட்டோவில் பார்த்த மரத்துக்கும் நேரில் பார்க்கும் மரத்துக்கும் நடுவே ஒரு தகரக் கூரையும் தண்ணித் தொட்டியும் முளைத்திருக்கும். நேரில் போய், எத்தனை ஆள், எத்தனை மணி நேரம், கிளையைச் சும்மா விழவிடலாமா அல்லது கயிற்றில் இறக்க வேண்டுமா, வண்டி வாசல் வரை வருமா என்று பாருங்கள். பழைய ஊருக்குள், மாசி வீதிகளை ஒட்டிய சந்துகளில், கிளையை இருநூறு அடி தூரம் தோளில் சுமந்துதான் வெளியே கொண்டுவர வேண்டியிருக்கும். அறுப்பதைவிட அதற்குத்தான் அதிக ஆள் தேவை. கூலி, மிஷின் தேய்மானம், பெட்ரோல், வண்டி வாடகை, டீச் செலவு எல்லாவற்றையும் கூட்டி, அதன்மேல் உங்கள் லாபத்தைப் போட்டு, தாளில் எழுதிக் கொடுங்கள்.

அந்தத் தாளில் கட்டாயம் இருக்க வேண்டியது: விறகு யாருக்கு? சண்டை வருவது பெரும்பாலும் இதில்தான். வாகை, வேம்பு, பூவரசு, புளி எல்லாமே விலை போகும் கட்டைகள். புளியங்கட்டையைக் கறிக்கடைக்காரர்கள் தேடி வந்து வாங்குவார்கள். கட்டையை நீங்கள் எடுத்துக்கொள்வதாக இருந்தால் அதன் மதிப்பைக் கூலியில் கழித்துக் காட்டுங்கள். கூலியே வேண்டாம், மரத்தை மட்டும் கொடுங்கள் என்று சொல்லி வருகிறவர்கள் ஊரில் இருக்கிறார்கள். அவர்களுக்கு மரம் எவ்வளவு பெரிதாக விழுகிறதோ அவ்வளவு லாபம். அந்தப் பேரம் உங்களுக்கு வேண்டாம்.

தழையைக் குப்பையாக நினைக்காதீர்கள். வாகை, வேம்பு, ஆல் தழை விழுகிறது என்று ஆடு வளர்ப்பவர்கள் நாலு பேரின் நம்பருக்குச் சொன்னால், டாடா ஏஸ் வைத்து அவர்களே அள்ளிக்கொண்டு போவார்கள். உங்களுக்கு வண்டிச் செலவு மிச்சம். மீதிச் சருகை எரிக்காமல் அதே வீட்டு மரங்களின் தூரைச் சுற்றி மூடாக்காகப் போட்டுக் காட்டுங்கள்.

தோட்டம் போடும்போது

மதுரையைச் சுற்றி மண் ஒன்றாக இல்லை. திருமங்கலம், பேரையூர் பக்கம் கரிசல். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும், மழையில் தண்ணீர் தேங்கும். மேலூர்ப் பக்கம் செம்மண். சோழவந்தான் போகிற வைகைக் கரையில் வண்டல். புது வீடு என்றால் எந்த மண்ணும் இல்லை, கொத்தனார் கொட்டிவிட்டுப் போன சிமெண்ட் சல்லிதான். அதை ஒரு அடி ஆழத்துக்கு அள்ளி வெளியே போடாமல் மேலே செம்மண் பரப்பினால் செடி ஆறு மாதத்தில் மஞ்சளாகும்.

செம்மண் யூனிட் கணக்கில் வரும். ஒரு யூனிட் 100 கன அடி. 1000 சதுர அடிப் புல்தரைக்கு அரை அடி மண் போட 5 யூனிட் வேண்டும். இறக்கும்போது மண்ணைக் கையில் எடுத்துக் கோரைக்கிழங்கு இருக்கிறதா என்று பாருங்கள். கருப்பாகக் குட்டிக் குட்டிக் கிழங்குகள் தட்டுப்பட்டால் லோடைத் திருப்பி அனுப்புங்கள். கோரை ஏறிய புல்தரையைக் காப்பாற்றுவது மிகக் கஷ்டம்.

தண்ணீரை அடுத்துப் பாருங்கள். போர் தண்ணி உப்பாக இருக்கும் வீடுகள் இங்கே அதிகம். வாளியில் வெள்ளையாகப் படிவு இருந்தால் இட்லிப்பூச் செடி வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இரும்புச் சத்தை எடுக்க முடியாமல் இலை வெளுக்கும். அரளி, காகிதப்பூ, நந்தியாவட்டை தாங்கும். மரத்தில் புங்கை, பூவரசு, வேம்பு. கொரியன் புல் பட்டுப்போல இருக்கும், ஆனால் முழு வெயிலும் தினமும் தண்ணீரும் கேட்கும். குடிதண்ணி லாரி எதிர்பார்க்கும் தெருவில் ஆயிரம் சதுர அடிக்குப் புல்தரை போட ஒருவர் ஆசைப்பட்டால், பாதியைக் கல்பாவி, மிச்சத்தில் அருகம்புல் போடச் சொல்வதே நியாயம்.

நர்சரிகளில் பார்க்கும் பளபளப்பான செடிகளில் பெரும்பகுதி ஆந்திராவின் கடியத்திலிருந்து வருபவை. ஆற்று வண்டலில் வளர்ந்து லாரியில் வந்தவை. வாங்கியதும் நம் வெயிலில் நடாதீர்கள். பத்துப் பதினைந்து நாள் நிழலில் வைத்துத் தண்ணீர் காட்டிப் பிறகு நடுங்கள். மல்லிகை நாற்று கேட்டால் ராமநாதபுரம் மாவட்டத்துத் தங்கச்சிமடத்திலிருந்து வருவதாகப் பாருங்கள். மதுரை மல்லி விவசாயிகளே அங்கிருந்துதான் வாங்குகிறார்கள். வேகமாக வளரும், வேலி மாதிரி அடையும் என்று சொல்லி கோனோகார்பஸ் விற்க வந்தால் வாங்காதீர்கள். தமிழ்நாடு அரசு அதை நடுவதற்குத் தடை விதித்திருக்கிறது.

மரக்கன்று நட நல்ல காலம் புரட்டாசி, ஐப்பசி. வடகிழக்குப் பருவமழை முழுவதும் வேருக்குக் கிடைக்கும். மூன்றடிக் குழியை ஒரு மாதம் முன்பே எடுத்து ஆறவிடுங்கள். பேவர் பிளாக் போடுகிறவரிடம் தூரைச் சுற்றி மூன்றடி விடச் சொல்லுங்கள். வீட்டுக்காரர் சொல்லாவிட்டால் நீங்கள் சொல்ல வேண்டும்.

பதிவும் காப்பீடும்

சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இணையத்தில் இலவசம். காசு கேட்கும் இடைத்தரகர் தேவையில்லை. சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். மிஷின் வாங்கக் கடனுக்கு மாவட்டத் தொழில் மையத்தில் மானியத் திட்டங்களைக் கேளுங்கள். மரம், பூச்சி பற்றிய சந்தேகங்களுக்கு ஒத்தக்கடை வேளாண் கல்லூரி இருக்கிறது. பாதித்த இலையைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.

காப்பீட்டை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். வங்கிக் கணக்கு உள்ள உங்கள் ஆட்கள் எல்லாரையும் வருடம் 20 ரூபாய் கட்டும் பிரதமர் சுரக்ஷா பீமா திட்டத்தில் சேர்த்துவிடுங்கள். விபத்தில் உயிர் போனால் குடும்பத்துக்கு 2 லட்சம். தென்னை ஏறுகிறவர்களுக்குத் தென்னை வளர்ச்சி வாரியத்தின் கேரா சுரக்ஷா காப்பீடு தனியாக இருக்கிறது. இவை மட்டும் போதாது, குழுவுக்கென்று ஒரு விபத்துக் காப்பீடும் எடுங்கள். விழுந்த கிளையில் அடுத்தவர் சுவர் உடைந்தால் யார் பொறுப்பு என்பதையும் விலைத் தாளிலேயே எழுதுங்கள்.

வேலை எங்கிருந்து வரும்?

நர்சரிக்காரர், கொத்தனார், பிளம்பர், இந்த மூன்று பேரிடமும் உங்கள் நம்பர் இருக்கட்டும். வேலைக்கு முன்னும் பின்னும் ஒரே இடத்தில் நின்று படம் எடுத்து வாட்ஸ்அப்பில் வையுங்கள். சித்திரைத் திருவிழா வாரத்தில் நகரத்துக்குள் எந்த வேலையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். வண்டியும் போகாது, ஆளும் வரமாட்டார். பொங்கலுக்கு முந்தின இரண்டு வாரம் எல்லா வீட்டிலும் கூப்பிடுவார்கள், அதற்கு முன்கூட்டியே ஆள் சொல்லிவையுங்கள்.

தனி வீடுகளில் பேர் வாங்கியதும் அடுக்குமாடிச் சங்கம், பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம் என்று வருடப் பராமரிப்புக்குப் போங்கள். ஒப்பந்தத்தில் இப்படி எழுதலாம்: மாதம் இரண்டு முறை புல்வெட்டு, களை, மாசியில் பெரிய மரங்களின் எடைக் குறைப்பு, ஆடிக் காற்றுக்கு முன் ஒருமுறை தூர் பரிசோதனை, புரட்டாசியில் கன்று நடவு, எரு, புயல் சேதம் தனிக் கட்டணம், பட்டுப்போன கன்றுக்கு ஆறு மாதத்துக்குள் மாற்றுக் கன்று உங்கள் செலவில், தண்ணீர் விடும் பொறுப்பு அவர்களுடையது. பணம் மாதாமாதம் 5 தேதிக்குள். முதல் பரிசோதனையின்போதே வளாகத்தில் உள்ள ஒவ்வொரு மரத்துக்கும் எண் போட்டு, வகை, சுற்றளவு, குறை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி, அதன் நகலைச் சங்கச் செயலாளரிடம் கொடுத்துவிடுங்கள். அடுத்த வருடம் ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது இரண்டு பேரும் அந்த நோட்டைத் திறந்துதான் பேச வேண்டியிருக்கும்.